மண்டி ஹவுஸ் வட்டாரக் கலையரங்குகள்: பெயர்வழி ஒரு வரலாறு

தில்லியின் கலைமையம் யாது என வினவுவோர்க்கு அந்நகரத்தார் ஒரு கட்டடத்தைச் சுட்டுவதில்லை. ஒரு சாலைச் சந்திப்பையே சுட்டுவர். மண்டி ஹவுஸ் என வழங்கும் அவ்வட்டத்தைச் சுற்றி, நடந்து கடக்கத்தக்க தொலைவிற்குள், இரவீந்திர பவன், திரிவேணி, கமானி அரங்கு, ஸ்ரீராம் மையம், தேசிய நாடகப் பள்ளி ஆகியவை அமைந்துள்ளன. இவை ஒரே திட்டத்தின்படி எழுந்தவை அல்ல. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுக் காலத்தில் அரசும் தனியாரும் தனித்தனியே எழுப்பியவை. அவற்றின் கட்டடக் கலை பற்றி அறிஞர் சிலர் எழுதியுள்ளனர். அவற்றின் பெயர்கள் அந்த அளவிற்கு நோக்கப்படவில்லை. எந்த அரங்கை யார் எதன் பொருட்டு எழுப்பினர் என்பதற்குப் பெயரே முதற்சான்றாக நிற்பதையும், அச்சான்று தமிழ் எழுத்திற்கு மாறும்போது சிதைவுறுவதையும் இக்கட்டுரை காட்ட முற்படுகிறது.

வட்டத்தின் பெயரிலிருந்தே தொடங்கலாம். தமிழில் 'மண்டி' என்பது மொத்த வணிகக் கடை. நெல்மண்டி, வெல்லமண்டி என்பன அன்றாட வழக்குகள். தமிழ்நாட்டிலிருந்து வரும் ஒருவர் இவ்விடத்தைப் பழைய தானியச் சந்தை என்று கொள்ளுதல் இயல்பே. உண்மையில் இது 1948இல் இமாச்சலப் பிரதேசத்துடன் இணைந்த மண்டி என்னும் மலைநாட்டுச் சமஸ்தானத்தின் பெயர். அதன் அரசர்க்குரிய மாளிகை இங்கு இருந்தது. மாளிகை மறைந்து தூர்தர்சன் அலுவலகம் எழுந்த பின்னரும் பெயர் மறையவில்லை. 2014இல் திறக்கப்பட்ட மெட்ரோ நிலையமும் அப்பெயரையே ஏற்றது. அருகிலுள்ள பகவல்பூர் மாளிகையின் நிலை வேறு. அதன் அரசர் நாடு பாகிஸ்தானுடன் சேர்ந்தது; மாளிகையில் தேசிய நாடகப் பள்ளி குடியேறியது. மண்டியில் கட்டடம் போய்ப் பெயர் நின்றது. பகவல்பூரிலோ பெயருக்குரிய நாடு எல்லைக்கு அப்பால் போய்க் கட்டடம் இங்கே நின்றது.

விடுதலைக்குப் பின் நடுவணரசு மூன்று அகாதெமிகளை நிறுவியது. சங்கீத நாடக அகாதெமி 1953 ஜனவரி 28ஆம் நாளும், சாகித்திய அகாதெமி 1954 மார்ச் 12ஆம் நாளும், லலித கலா அகாதெமி அதே ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாளும் தொடக்கம் பெற்றன. இவற்றுள் இரண்டின் முதல் தலைவர்கள் சென்னையிலிருந்து சென்றவர்கள் என்பது தமிழகத்தில் அதிகம் பேசப்படாத செய்தி. சங்கீத நாடக அகாதெமிக்குச் சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியும் தெலுங்கு நாடகாசிரியருமான பி. வி. இராஜமன்னார் தலைமை ஏற்றார். லலித கலா அகாதெமியின் முதல் தலைவர் தேவி பிரசாத் ராய் சௌதுரி. சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக நெடுங்காலம் பணியாற்றியவர், மெரினாவின் உழைப்பாளர் சிலையை வடித்தவர்.

அகாதெமிகளின் பெயர்களை முத்தமிழ்ப் பகுப்போடு ஒப்பிடுதல் பயனுடையது. சாகித்தியம் இயலுக்கும், சங்கீத நாடகம் இசை, நாடகம் ஆகிய இரண்டிற்கும் நிகராகின்றன. மூன்றாவதற்கு முத்தமிழில் இடமில்லை. 'லலித கலா' என்னும் தொடர் வடமொழியில் நயமிகு கலைகள் அனைத்தையும் தழுவுவது. ஆயினும் நிறுவனப் பெயரில் அது ஓவியம், சிற்பம் என்ற அளவிற்குப் பொருட்சுருக்கம் அடைந்துள்ளது. தமிழில் 'நுண்கலை' என்னும் சொல் இன்னும் இசையையும் நடனத்தையும் உள்ளடக்கியே வழங்குவதால், அதனை லலித கலாவிற்கு நேராக வைப்பது முழுப் பொருத்தம் உடையதன்று.

இம்மூன்றையும் ஒரே வளாகத்தில் சேர்த்தது தாகூர் நூற்றாண்டு. 1961இல் எழுந்த இரவீந்திர பவனை வடிவமைத்தவர் ஹபீப் ரஹ்மான். அவருடைய முதல் வரைவை, தாகூருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டு நேரு மறுத்துவிட்டார் என்பது ரஹ்மானே பிற்காலத்தில் கூறிய செய்தி. அதன் பின்னரே பின்னற்சாளரங்களும் சாய்ந்த வெயில்மறைப்புகளும் கல்முகப்பும் கொண்ட இன்றைய வடிவம் பிறந்தது. ரஹ்மானின் துணைவியார் இந்திராணி சென்னையில் பிறந்தவர். பந்தநல்லூர் சொக்கலிங்கம் பிள்ளையிடம் பரதம் பயின்று உலக அரங்குகளில் ஆடியவர். கவிதை, இசை, நாடகம், அறுபதை ஒட்டிய அகவையில் தொடங்கிய ஓவியம் என அனைத்திலும் இயங்கிய ஒருவர் பெயரை மூன்று அகாதெமிகளும் பகிர்ந்துகொள்ளும் கட்டடத்திற்கு இட்டது வெறும் சடங்கன்று. 'பவன்' என்னும் பின்னொட்டுத்தான் தமிழருக்கு இடறுகிறது. தலைநகரில் அது உத்யோக் பவன், கிருஷி பவன் என அரசு அலுவலகத்தைக் குறிக்க, தமிழ்நாட்டிலோ பெரும்பாலும் உணவகத்தைக் குறிக்கிறது. ஒரே சொல் இரு நிலங்களில் இருவேறு நிறுவன வகைகளுக்கு உரிமையாகிவிட்டது.

பெயரில் நாடகம் இருந்தும் இரவீந்திர பவனில் அலுவலகங்கள், நூலகம், ஓவியக் கூடங்கள் ஆகியவையே முதன்மை பெற்றன. 1962இல் தேசிய நாடகப் பள்ளியின் இயக்குநர் பொறுப்பை ஏற்ற இப்ராகிம் அல்காசி, அவ்வளாகத்தில் ஓர் ஆலமரத்தை ஒட்டித் திறந்தவெளி அரங்கு ஒன்றை அமைத்தார். அதற்கு 'மேகதூதம்' என்று காளிதாசனின் நூற்பெயர் வாய்த்தது. கூரையற்று வானத்தையே மேற்கட்டியாகக் கொண்ட அரங்கிற்கு இதனினும் இயைந்த பெயர் அரிது. அல்காசி காலத்து மாணவருள் ஒருவர் சே. இராமானுஜம். காந்திகிராமத்தில் 1977இல் நடந்த நாடகப் பயிற்சி முகாமில் அவர் ஆற்றிய பங்கு நவீனத் தமிழ் நாடக வரலாற்றில் தனி இடம் உடையது. அத்தகைய முகாமைத் தமிழ் இன்று 'பயிலரங்கு' என்கிறது. கருத்தரங்கு, கவியரங்கு, பயிலரங்கு என இடப்பெயராகிய 'அரங்கு' நிகழ்ச்சிப் பெயராக விரிந்துள்ளது. இவ்விரிவுக்கு நேரான ஆட்சி இந்தியின் 'பிரேக்ஷாகிருக'த்திற்கு இல்லை. அச்சொல் காணும் வீடு என்ற பொருளிலேயே நின்றுவிட்டது.

நாடகப் பள்ளியின் பிற்கால அரங்குகள் அபிமஞ்ச், சம்முக், பஹுமுக் எனப் பெயர் பெற்றன. இவற்றுள் பின்னிரண்டும் 'முகம்' என்னும் சொல்லால் அமைந்தவை. நேர்முகம், பன்முகம் எனப் பெயர்க்கலாம். சிலப்பதிகார அரங்கேற்று காதை திரைகளை ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என வகுப்பது இங்கு நினைவுகூரத்தக்கது. அங்கும் முகம் என்பது காண்போர்க்கும் ஆடுவோர்க்கும் இடைப்பட்ட உறவின் அளவுகோலாகவே நிற்கிறது. இருபத்துநான்கு பெருவிரல் அளவுள்ள கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என அக்காதை அரங்கை அளக்கிறது; ஓவிய விதானம் அமைத்து, தூண்களின் நிழல் ஆடுகளத்தில் விழாதவாறு விளக்கு வைக்கச் சொல்கிறது. ஓவியம் அங்கே அரங்கின் உறுப்பு. தில்லியில் அவ்விரண்டும் வெவ்வேறு அகாதெமிகளின் பொறுப்பாயின.

அப்பிரிவினையை ஏற்காத நிறுவனம் ஒன்று அருகிலேயே உண்டு. அல்மோராவில் உதயசங்கரிடம் பயின்ற சுந்தரி ஸ்ரீதராணி, 1950இல் கன்னாட் பிளேசில் ஒரு காப்பிக் கடையின் மேலிருந்த இரண்டு அறைகளில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். 'திரிவேணி' என்னும் பெயரை வழங்கியவர் புல்லாங்குழற் கலைஞர் விஜய ராகவ ராவ். 1963இல் தான்சேன் மார்க்கில் திறக்கப்பட்ட அதன் கட்டடத்தை அமெரிக்கரான ஜோசப் ஆலன் ஸ்டைன் வடிவமைத்தார். ஓவியக் கூடங்கள், உள்ளரங்கு, புல்வெளிப் படிகளோடு கூடிய திறந்தவெளி அரங்கு, சிற்ப முற்றம், வகுப்பறைகள் ஆகிய அனைத்தும் ஒரு சிறு மனைக்குள் அடக்கப்பட்டுள்ளன. நடனம் பயில வருபவர் சிற்பங்களைக் கடந்தே செல்ல வேண்டும். ஓவியம் காண வருபவர் செவியில் தாளம் விழும்.

இந்நிறுவனத்தின் முழுப்பெயரைத் தமிழ் ஏடுகள் 'திரிவேணி கலா சங்கம்' என எழுதுகின்றன. பிழை இங்கேதான் நேர்கிறது. இந்தியில் 'சங்கம்' என ஒலிப்பது வடமொழிச் 'சங்கமம்', ஆறுகள் கூடுமிடம். தமிழில் 'சங்கம்' என்பதோ கழகம், அவை. இராமகிருஷ்ணபுரத்தில் திருவள்ளுவர் பெயரால் கலையரங்கம் கொண்டுள்ள தில்லித் தமிழ்ச் சங்கம் இப்பொருளில் அமைந்தது. ஒலியை மட்டும் பெயர்த்தெழுதும்போது, கலைகள் கூடும் துறை என்ற நிறுவனரின் கருத்து அழிந்து, உறுப்பினர் பட்டியல் உடைய ஒரு கழகம் தோன்றிவிடுகிறது. 'திரிவேணி கலா சங்கமம்' என்று எழுதுவதற்குக் கூடுதலாக ஓர் எழுத்தே வேண்டும்.

கொடையாளர் பெயர் தாங்கிய அரங்குகள் வேறொரு வகை. கமானி என்பது தொழிலதிபர் குடும்பம் ஒன்றின் பெயர். ஸ்ரீராம் மையமும் ஸ்ரீராம் பாரதிய கலா கேந்திராவும் ஆலையதிபர் லாலா ஸ்ரீராமின் பெயரைத் தாங்குவன. கேந்திரா 1957 முதல் ஆண்டுதோறும் இராமலீலை நாட்டிய நாடகம் நடத்தி வருதலின், பெயர் இறைவனுடையது என்று கருதுவோர் பலர். அதனை நிறுவிய சுமித்ரா சரத்ராம், லாலாவின் மருமகள். ஸ்ரீராம் மையத்தைச் சிவநாத் பிரசாத் உருளை வடிவில், பூச்சற்ற கற்காரையால் வடித்தார். அரசு பெயரும் தீர்மானமும் வழங்கிய இடத்தில், மூடிய பேரரங்குகளை வணிகக் குடும்பங்களே வழங்கின. இதனை உரியவாறு ஒப்புக்கொள்ள நம் கலை வரலாறுகள் தயங்குவது முறையன்று.

தாகூர் நீங்கலாக, இக்கட்டடங்களின் பெயர்களில் கலைஞர் எவரும் இல்லை. கலைஞர் பெயர்களைத் தெருக்களிலேயே காண்கிறோம். ஒருவர் அக்பர் அவையின் தான்சேன். மற்றவர் சப்தர் ஹாஷ்மி. அரங்கை நாடாது ஆலை வாயிலிலும் குடியிருப்புத் தெருக்களிலும் நடித்த ஜன நாட்டிய மஞ்ச் குழுவினர். 1989 ஜனவரி முதல் நாள், சாகிபாபாத்தை அடுத்த ஜண்டாபூரில் 'ஹல்லா போல்' தெருநாடகம் நடந்துகொண்டிருக்கையில் தாக்கப்பட்டு, மறுநாள் உயிர் நீத்தார். ஜனவரி 4ஆம் நாள் அவர் மனைவி மொலொயஸ்ரீயும் குழுவினரும் அதே இடத்திற்குத் திரும்பி, தடைபட்ட நாடகத்தை நடித்து முடித்தனர். ஸ்ரீராம் மையத்தின் முன்செல்லும் சாலைக்குப் பின்னர் அவர் பெயர் இடப்பட்டது. உருளை வடிவ அரங்கிற்கு இன்று அனுப்பப்படும் ஒவ்வொரு கடிதத்தின் உறையிலும், ஆலையதிபர் பெயருக்கு அடுத்த வரியில், அரங்கமின்றி ஆடிய அந்நடிகரின் பெயர் எழுதப்படுகிறது.