களியக்காவிளை தாண்டிய போளியும் பாட்டும்

ஒவ்வோர் ஆண்டும் நவராத்திரிக்கு முன்பு பத்மநாபபுரத்திலிருந்து மூன்று தெய்வங்கள் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகின்றன. யானை மேல் தேவாரக்கட்டு சரஸ்வதி, பல்லக்கில் சுசீந்திரம் முன்னுதித்த நங்கை, கூடவே வேளிமலை குமாரசாமி. முதல் இரவு குழித்துறையில் தங்கல். மறுநாள் களியக்காவிளையில் தமிழ்நாட்டுக் காவலர்கள் வழியனுப்ப, கேரளக் காவலர்கள் அணிவகுத்து வரவேற்கிறார்கள். ஊர்வலம் பாறசாலை கடந்து அன்றிரவு நெய்யாற்றின்கரையை அடையும். மூன்றாம் நாள் தலைநகர். அந்தச் சரஸ்வதி கம்பர் பூசித்த சிலை என்பது ஐதீகம். கம்பர் பூசித்தாரா என்று நிரூபிக்க நம்மிடம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு தமிழ்ப் புலவனின் பெயரோடு வரும் தெய்வத்தின் முன்னால்தான் கேரளத் தலைநகரின் நவராத்திரிக் கச்சேரிகள் நடக்கின்றன என்பது கண்முன் நடக்கும் செய்தி.

குடிபெயர்ந்தவர்கள் போன இடத்தின் அடுப்பையும் பாட்டையும் மாற்றிவிடுவது உலகெங்கும் நடந்ததுதான். போஜ்புரி பேசும் கரும்புத் தோட்டக் கூலிகள் டிரினிடாடுக்குக் கொண்டுபோன கல்யாணப் பாட்டு அங்கே ‘சட்னி’ இசையாக மாறியது. மலேசியாவில் ரொட்டி சானாய் இல்லாத காலைச் சாப்பாட்டுக் கடை அபூர்வம். அவர்கள் கடல் தாண்டினார்கள். எல்லையோரக் குளத்தூரிலும் பாறசாலையிலும் பலரும் எங்கும் போகவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தார்கள், கோடுதான் வந்து விழுந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. பொழியூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் நீரோடி தமிழ்நாடு, பொழியூர் கேரளம். ஒரே மணல், ஒரே கடல், ஒரே மீன்பாடு.

ஆகவே இந்த வட்டாரத்தில் இரண்டு வகைத் தமிழரைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கோட்டுக்கு முன்பே இங்கே இருந்தவர்கள் ஒரு வகை. திருவிதாங்கூர் மன்னர் அழைத்தோ பிழைப்புத் தேடியோ ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்தவர்கள் இன்னொரு வகை. நெய்யாற்றின்கரைத் தாலுகாவிலுள்ள பாலராமபுரத்துச் சாலியர்கள் இரண்டாம் வகையினர். 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராமவர்மாவின் பெயரைத் தாங்கிய அந்த ஊரில் தறி போட வந்த நெசவாளர்கள் அவர்கள். கசவு வைத்த கேரள முண்டு என்று இன்று உலகம் வாங்குவது அந்தத் தமிழ்த் தெருக்களில் வேர்பிடித்த தொழில். அது தனிக் கதை, இங்கே விட்டுவிடுகிறேன்.

பாட்டுக்கு வருவோம். 1829 முதல் 1846 வரை திருவிதாங்கூரை ஆண்ட சுவாதித் திருநாளின் சபை கிழக்கேயிருந்து வந்த வித்வான்களால் நிறைந்திருந்தது. தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு அங்கேதான் வயலினை நிலைநாட்டினார். 1834-இல் அரசர் அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். ஐரோப்பியர் கொண்டுவந்த வாத்தியம் தஞ்சையில் தமிழர் மடியில் ஏறி, அங்கிருந்து மலையாள அரண்மனைக்குப் போன பயணம் அது. மோகினியாட்டம் இன்றைய வடிவத்துக்கு வந்ததிலும் வடிவேலுவின் கை உண்டு. ஒரு நூற்றாண்டு கழித்து 1939-இல் திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் இசைக் கழகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவராக வந்தவர் திருநெல்வேலிச் சீமை ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அவருக்குப் பின் தஞ்சை மண்ணின் செம்மங்குடி சீனிவாச ஐயர். சுவாதித் திருநாளின் பாடல்களைத் தேடித் திருத்தி மேடைக்குக் கொண்டுவந்ததில் இவ்விருவரின் உழைப்பு பெரிது. கேரளம் தன் அரசரின் பாட்டு என்று பெருமையோடு கேட்பதைப் பாடும்படி ஆக்கிக் கொடுத்தவர்கள் காவிரிக்கரையிலிருந்தும் பொருநைக்கரையிலிருந்தும் வந்தவர்கள். இதைக் கேரளத்தார் மறைக்கவில்லை. நாம்தான் சொல்லாமல் விட்டிருக்கிறோம்.

அரண்மனைப் பாட்டைப் பற்றி எழுத ஆட்கள் உண்டு. அதற்கு வெளியே, குளத்தூருக்குப் பக்கத்தில் நடந்த ஒன்று அதிகம் பேசப்படுவதில்லை. தஞ்சை சரபோஜியின் அவைக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) கர்நாடக ராகத்திலும் தாளத்திலும் எழுதிய கிறிஸ்தவக் கீர்த்தனைகள் தெற்குத் திருவிதாங்கூரின் லண்டன் மிஷன் சபைகளுக்கு வந்து சேர்ந்தன. இங்கே மிஷனின் மொழி தொடக்கத்தில் தமிழ்தான். வடக்கே நகர நகர மலையாளம் வேண்டியிருந்தது. நெய்யாற்றின்கரை அருகே திருப்புறத்தில் 1847-இல் பிறந்த மோச வத்சலம் சாஸ்திரியார் அந்த வேலையைச் செய்தார். தமிழ்க் கீர்த்தனைகளை மலையாளத்துக்குப் பெயர்த்தார். அதே பல்லவி, அனுபல்லவி, சரண அமைப்பில் சொந்தமாகவும் நிறைய எழுதினார். 1916-இல் மறைந்த அவருடைய பாடல்களை மலையாளத் தேவாலயங்கள் இன்றும் பாடுகின்றன. வெள்ளைக்காரப் பாதிரிமார் ஆங்கில மெட்டுகளை நீட்டிக்கொண்டிருந்த காலத்தில் மலையாள ஞாயிற்றுக்கிழமைக்குள் தஞ்சாவூர் ராகத்தை நுழைத்த மனிதர் இவர். அவருடைய ஊரிலிருந்து குளத்தூர் எட்டிப் பிடிக்கும் தூரம்.

மூன்றாவது பாட்டு கோயில் கொடையில் இருந்தது. வில், குடம், உடுக்கை, கட்டை, ஜால்ரா. புலவர் நடுவில் அமர்ந்து வீசுகோலால் வில்லின் நாணைத் தட்டிக் கதையை எடுப்பார். குடத்தின் வாயில் பாளை மட்டை விழும். பக்கத்தில் இருப்பவர்கள் அடி முடியும்போது வாங்கிப் பாடுவார்கள். நடுச்சாமம் கடந்து சாமியாடி எழும்பும் வரை கதை நிற்காது. கன்னியாகுமரி மாவட்டத்தில் வில்லுப்பாட்டு என்பது எல்லைக்கு அப்பால் வில்லடிச்சான் பாட்டு. பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் படையோடு கணியாங்குளத்தில் மோதி மாண்ட இரவிக்குட்டிப் பிள்ளையின் கதைப்பாடலை நாம் தமிழ்க் கதைப்பாடல் என்று தொகுக்கிறோம்; மலையாள இலக்கிய வரலாறு அதைத் ‘தெக்கன் பாட்டு’ என்று வரவு வைக்கிறது. இரண்டு கணக்கும் சரிதான். பாடியவருக்கும் கேட்டவருக்கும் தமிழும் மலையாளமும் ஒரே நாக்கில் இருந்தன. காக்காரிசி நாடகத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவு. சிவனும் பார்வதியும் நாடோடிக் குறவர் வேடத்தில் வந்து, பாதி தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசிப் பாடி, ஊர்ப் பெரிய மனிதரைக் கிண்டல் அடித்துவிட்டுப் போவார்கள். குறி சொல்லிக்கொண்டு தமிழ் பேசி அலைந்த நாடோடிகளைத் தெற்குக் கேரளம் தன் மேடையில் ஏற்றிக்கொண்ட விதம் அது.

இனி இலை. நெய்யாற்றின்கரைப் பக்கம் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், பருப்பும் நெய்யும் சாம்பாரும் ஆனபின் மஞ்சள் நிறத்தில் மெல்லிய போளி ஒன்று இலையில் விழும். கடலைப்பருப்புப் பூரணம் வைத்து, காகிதம் போலத் தேய்த்து, நெய் விட்டுச் சுட்டது. நம் ஊரில் அதைக் கையில் எடுத்துக் கடித்துத் தின்போம். அங்கே விரலால் பிய்த்துப் போட்டு, மேலே பால்பாயசம் ஊற்றிப் பிசைந்து வழித்து உண்ண வேண்டும். பாயசம் ஊறி, பூரணம் கரைந்து, கடைசி வாயில் ஏலக்காய் மணக்கும். கோழிக்கோட்டுக்காரர் இதைப் பார்த்தால் விழிப்பார். வடக்குக் கேரளச் சத்யா விருந்தில் போளி கிடையாது. தலைநகரின் கோட்டைக்குள்ளும் கரமனையிலும் தெருத்தெருவாகக் குடியேறிய தமிழ்ப் பிராமணச் சமையற்காரர்களின் வழியாகவே இது தெற்கத்தி இலைக்கு வந்தது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஊட்டுப்புரைகளில் அரசுச் செலவில் அவர்கள் சமைத்தார்கள். அந்தப் பந்தியில் பிராமணருக்கு மட்டுமே இலை விழுந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பின்னால் அந்தச் சமையல் கல்யாண மண்டபம் ஏறி எல்லோருக்குமானது.

கொடுக்கல் மட்டும் அல்ல, வாங்கலும் உண்டு. நாஞ்சில் நாட்டுக் கல்யாண இலையில் அவியல், எரிசேரி, துவரன், ஓலன், பிரதமன் எல்லாம் உண்டு. மதுரைக்காரர் அங்கே பந்தியில் உட்கார்ந்தால் கேரளத்துக்கு வந்துவிட்டோமோ என்று ஒருமுறை பக்கத்தில் கேட்பார். நாஞ்சில் நாடனின் எழுத்தைப் படித்தவர்களுக்கு இந்த இலை பழக்கமானது.

பந்திக்கு வெளியே ஏழைகளின் அடுப்பு வேறு கதை சொல்கிறது. பிரேசில் மண்ணின் மரவள்ளிக் கிழங்கை 1880-இல் அரியணை ஏறிய விசாகம் திருநாள் பயிரிடச் சொல்லி ஊக்கினார். 1942-இல் பர்மா ஜப்பானிடம் விழுந்து அரிசிக் கப்பல் நின்றபோது திருவிதாங்கூரின் உயிரைப் பிடித்துவைத்தது அது. மலையாளிக்குக் கப்பை, எல்லையோரத் தமிழருக்கு மரச்சீனி. அதோடு மீன்கறி இருந்தால் இரு மாநிலமும் ஒரே சட்டியில் உண்ணும். பனையும் அப்படித்தான். பதநீரைக் குமரியில் அக்கானி என்பார்கள், பாறசாலையிலும் அக்கானிதான். அக்கானி காய்ச்சிய கருப்பட்டியைப் பாகாக்கி, வறுத்துப் பொடித்த சிறுபயறும் தேங்காயும் சேர்த்து உருட்டி, இரண்டு மூன்றாக ஒட்டியபடி அரிசிமாவுக் கரைசலில் முக்கிப் பொரித்தால் முந்திரிக்கொத்து. கல்யாணச் சீரிலும் கிறிஸ்துமஸ் பலகாரத்திலும் அதற்கு இடம் உண்டு. நாள்பட வைத்தாலும் கெடாது, பல்லுக்குத்தான் வேலை. இது தமிழ்ப் பலகாரமா கேரளப் பலகாரமா என்று கேட்டால் செய்கிற அம்மையார் சிரித்துவிடுவார்.

வந்தவர்கள் தந்ததையெல்லாம் கேரளம் மனதார வாங்கிக்கொண்டது. ஆனால் அந்த வாசல் எல்லோருக்கும் ஒரே மாதிரி திறக்கவில்லை. பாறசாலையில் 1924-இல் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர் பி. பொன்னம்மாள். சுவாதித் திருநாள் இசைக் கழகத்தின் முதல் மாணவி அவர், பிறகு அங்கே ஆசிரியர், திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியின் முதல் பெண் முதல்வர். இத்தனை இருந்தும் நவராத்திரி மண்டபத்தில், அந்தக் கம்பர் சரஸ்வதியின் முன்னால், பெண் பாடக் கூடாது என்ற வழக்கம் நின்றது. 2006-இல்தான் அது உடைந்தது. எண்பதைத் தாண்டிய வயதில் அவர் அங்கே அமர்ந்து பாடினார். கலைமகள் முன் பெண்ணுக்குப் பாட இடமில்லை என்ற வழக்கம் அவ்வளவு காலம் ஓடியது வெட்கக்கேடு. 2017-இல் பத்மஸ்ரீ வந்தது, 2021-இல் மறைந்தார். நெய்யாற்றின்கரை வாசுதேவன் வேறொரு கதவைத் திறந்தவர். தலித் குடும்பத்திலிருந்து வந்து, அக்ரகாரத்துச் சொத்தாகக் கருதப்பட்ட சங்கீதத்தில் முன்வரிசைக்கு ஏறி, 2004-இல் பத்மஸ்ரீ பெற்று, 2008-இல் மறைந்தார். தஞ்சாவூரிலிருந்து வந்த பாட்டு இந்த மண்ணுக்குச் சொந்தமானது இவர்களைப் போன்றவர்களால்தான் என்பேன்; அரண்மனைப் பரிசு அதற்குப் போதவில்லை.

அரண்மனைப் பாடல்கள் அச்சேறிவிட்டன, கீர்த்தனைகளும் புத்தகமாகிவிட்டன. வில்லுப்பாட்டுப் புலவர்கள் கைப்பட எழுதிய நோட்டுகள்தான் இன்னும் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. களியக்காவிளை, பாறசாலை, குளத்தூர், கொல்லங்கோடு பக்கத்து வாசகர்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், எந்த எழுத்தில் எழுதியிருந்தாலும் சரி, பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட வேண்டாம். படம் எடுத்துவைத்து, பக்கத்துக் கல்லூரியின் தமிழ்த்துறையிலோ மலையாளத் துறையிலோ காட்டுங்கள்.