கடைமடை வரை ரத்தம்: செயற்கைத் திசுக்களின் நூறாண்டு வரலாறு

வாய்க்கால் வெட்டாமல் வயலை மட்டும் உழுது விதைத்தால் என்ன ஆகும்? ஆற்றங்கரையோரம் இருக்கும் நாலு வரப்பு பச்சையாக இருக்கும். கடைமடை காய்ந்து போகும். சோதனைச்சாலையில் மனிதத் திசுக்களை வளர்க்கப் புறப்பட்ட விஞ்ஞானிகளின் கதையும் இதேதான்.

உயிருள்ள செல்களை உடலுக்கு வெளியே வளர்ப்பது ஒன்றும் புதிய வித்தை அல்ல. 1907-லேயே அமெரிக்க விஞ்ஞானி ராஸ் ஹாரிசன், தவளைக் கருவின் நரம்புத் திசுவை ஒரு சொட்டு நிணநீரில் தொங்கவிட்டு, அதிலிருந்து நரம்பிழை நீண்டு வளர்வதைக் கண்ணால் பார்த்துவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு, செல்களை அடுக்கிக் கெட்டியான தசைத் துண்டாகவோ ஈரல் துண்டாகவோ ஆக்க முயன்றபோதெல்லாம் ஓரத்தில் இருந்தவை பிழைத்தன, நடுவில் இருந்தவை செத்தன. காரணம் ஒன்றுதான். உள்ளே ரத்தக்குழாய் இல்லை!

நம் உடலில் பெரும்பாலான செல்கள் ஏதாவது ஒரு தந்துகிக்கு 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் தூரத்துக்குள்தான் இருக்கின்றன. தந்துகி என்பது ரத்தக்குழாய்களிலேயே மிகச் சிறியது. ஒரு சிவப்பணு நெளிந்து வளைந்து போகும் அளவுக்குத்தான் அதன் அகலம். அதிலிருந்து கசியும் ஆக்சிஜன் 0.2 மில்லிமீட்டரைத் தாண்டுவதற்குள் வழியில் இருக்கும் செல்கள் அதைத் தின்று தீர்த்துவிடும். இரண்டு மூன்று தலைமுடிகளைச் சேர்த்து வைத்த பருமன்தான் அந்தத் தூரம். அதைத் தாண்டத்தான் விஞ்ஞானத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

கணக்குப் போட்டவர்கள்

ரத்தம் உடலில் சுற்றி வருகிறது என்று இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி 1628-ல் எழுதினார். ஆனால் தமனியிலிருந்து சிரைக்கு அது எந்த வழியாகப் போகிறது என்பதை அவரால் காட்ட முடியவில்லை. 1661-ல் இத்தாலியின் மார்செல்லோ மால்பிகி, தவளையின் நுரையீரலை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துத் தந்துகிகளைக் கண்டுபிடித்தார். வட்டம் முழுமையானது.

அந்தத் தந்துகிகள் ஏன் இவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்ற கேள்விக்குப் பதில் கிடைக்க மேலும் இரண்டரை நூற்றாண்டு ஆயிற்று. டென்மார்க்கின் ஆகஸ்ட் க்ரோக், தசையில் ஒவ்வொரு தந்துகியும் தன்னைச் சுற்றியுள்ள ஓர் உருளை வடிவப் பகுதிக்கு ஆக்சிஜன் தருவதாக வைத்துக்கொண்டு 1919-ல் கணக்குப் போட்டார். ஆச்சரியம் என்னவென்றால், இதற்கான சூத்திரத்தை அவருக்கு வகுத்துக் கொடுத்தவர் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங். டெலிபோன் இணைப்புக்கு எத்தனை பேர் காத்திருப்பார்கள் என்று கணக்கிட்ட அதே எர்லாங்தான்! தந்துகிகள் பற்றிய ஆராய்ச்சிக்காக க்ரோக்குக்கு 1920-ல் நோபல் பரிசு கிடைத்தது. செயற்கைத் திசு செய்கிறவர்கள் இன்றைக்கும் இந்த உருளைக் கணக்கில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

ரத்தக்குழாயைத் தைத்த டாக்டர்

1894 ஜூன் மாதம் பிரெஞ்சு ஜனாதிபதி சாடி கார்னோ, லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டார். ஈரலுக்குப் போகும் பெரிய சிரை கிழிந்திருந்தது. அதைத் தைக்கும் வித்தை அன்றைய மருத்துவர்கள் யாருக்கும் தெரியாததால் நாட்டின் தலைவரே ரத்தம் வடிந்து இறந்து போனார். அப்போது அதே ஊரில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த அலெக்சிஸ் காரலை இந்தச் சம்பவம் உறுத்தியது. பூத்தையல் போடும் ஒரு பெண்மணியிடம் போய் நுண்ணிய ஊசியையும் பட்டு நூலையும் கையாளக் கற்றுக்கொண்டார். குழாயின் வட்ட வாயை மூன்று இடங்களில் முடிச்சிட்டு இழுத்தால் அது முக்கோணமாகிவிடும். பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் நேராகத் தைத்துவிடலாம். 1912-ல் காரலுக்கு நோபல் பரிசு வாங்கித் தந்த வேலைகளில் இதுவும் ஒன்று. உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சைக்கே அடித்தளம் இதுதான்.

அதே 1912-ல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் ஆய்வுக் கழகத்தில் காரல் இன்னொன்றையும் தொடங்கினார். கோழிக் கருவின் இதயத்திலிருந்து எடுத்த ஒரு துணுக்கைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்தார். காரல் 1944-ல் இறந்த பிறகும் அந்தச் செல் வரிசை 1946 வரை பராமரிக்கப்பட்டது. "சாகாத இதயம்" என்று பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் சாதாரண செல்கள் முடிவில்லாமல் பெருகாது என்று 1961-ல் லெனார்ட் ஹேஃப்லிக் காட்டியபோது அந்தப் புகழ் ஆட்டம் கண்டது. சத்தாக ஊற்றிய கரைசலோடு புதிய செல்களும் சேர்ந்து போயிருக்கலாம் என்ற சந்தேகம் இன்றும் உண்டு. எப்படி இருந்தாலும், 34 வருஷம் வளர்ந்தும் அந்தத் துணுக்கு ஓர் இதயமாக ஆகவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

காரலின் மூன்றாவது முயற்சி இன்னும் சுவாரசியமானது. அட்லாண்டிக் கடலைத் தனியாக விமானத்தில் கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க்கோடு சேர்ந்து 1935-ல் ஒரு கண்ணாடிப் பம்பு செய்தார். லிண்ட்பெர்க்கின் மைத்துனிக்கு இதய வால்வில் நோய். அதுதான் விமானியை இந்தப் பக்கம் இழுத்து வந்தது. பூனையின் தைராய்டு சுரப்பியை எடுத்து அதன் தமனி வழியாகவே சத்து நீரைப் பாய்ச்சியபோது, அந்தச் சுரப்பி பல நாட்கள் உயிரோடு இருந்தது. இரண்டு சோதனைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாடம் தெளிவு. குழாயோடு இருந்த உறுப்பு முழுசாகப் பிழைத்தது. குழாயில்லாத செல்கள் மெல்லிய படலமாகவே நின்றன.

கட்டி கற்றுக் கொடுத்த பாடம்

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் ஜூடா ஃபோக்மன் என்ற இளம் அறுவை மருத்துவர், ரத்தத்துக்கு மாற்றாக ஒரு கரைசலைச் சோதித்துக்கொண்டிருந்தார். விலங்குகளின் தைராய்டு சுரப்பியை வெளியே எடுத்து, அதற்குள் அந்தக் கரைசலைப் பாய்ச்சி, புற்றுநோய்ச் செல்களையும் போட்டுப் பார்த்தார். குண்டூசித் தலை அளவு வந்ததும் கட்டிகள் நின்றுவிட்டன. ஆனால் சாகவில்லை. அவற்றையே உயிருள்ள எலிக்குள் வைத்ததும் கிடுகிடுவென்று வளர்ந்தன. வித்தியாசம் ஒன்றுதான். எலிக்குள் புதிய ரத்தக்குழாய்கள் முளைத்துக் கட்டியைத் தேடி வந்தன.

கட்டி ஏதோ ஒரு பொருளைச் சுரந்து ரத்தக்குழாய்களை வரவழைக்கிறது, அதைத் தடுத்தால் கட்டியைப் பட்டினி போடலாம் என்று 1971-ல் ஃபோக்மன் எழுதினார். பல ஆண்டுகள் யாரும் நம்பவில்லை. 1989-ல் அந்த மாதிரி ஒரு புரதம் தனியாகப் பிரிக்கப்பட்டது. அதைத் தடுக்கும் புற்றுநோய் மருந்து 2004-ல் அனுமதி பெற்றது.

செயற்கைத் திசுவுக்கு இதில் என்ன சம்பந்தம்? குழாயை எப்படி நிறுத்துவது என்று தேடியவர்கள், குழாய் எப்படி முளைக்கிறது என்பதையும் சேர்த்தே கண்டுபிடித்தார்கள். 1973-ல் எரிக் ஜாஃபியும் சகாக்களும், பிரசவத்துக்குப் பின் தூக்கி எறியப்படும் தொப்புள்கொடியிலிருந்து ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களைப் பிரித்து வளர்த்துக் காட்டினார்கள். 1980-ல் ஃபோக்மனும் ஹாடன்ஷில்டும் அப்படிப்பட்ட செல்கள் தட்டில் தாமாகவே குழாய் வடிவில் ஒன்றுகூடுவதைக் கண்டார்கள். வாய்க்காலை முழுக்க மனிதனே வெட்டத் தேவையில்லை, செல்லுக்கே அந்த வேலை தெரியும்!

காது வந்தது, ஈரல் வரவில்லை

ஃபோக்மனின் ஆய்வகத்தில் சந்தித்துக்கொண்ட இருவர் ராபர்ட் லாங்கரும் ஜோசப் வகாண்டியும். ஒருவர் கெமிக்கல் இன்ஜினியர், மற்றவர் குழந்தைகளுக்கு ஈரல் மாற்று அறுவை செய்யும் டாக்டர். தானமாக ஈரல் கிடைக்காமல் குழந்தைகள் சாவதைப் பார்த்த வகாண்டிக்கு, ஈரலை ஏன் வளர்க்கக் கூடாது என்று தோன்றியது. உடலில் கரையும் பிளாஸ்டிக்கில் சாரம் கட்டி அதில் செல்களை விதைக்கலாம் என்ற இவர்களது திட்டம், 1993-ல் 'சயன்ஸ்' இதழில் வெளியான கட்டுரை வழியாக உலகம் முழுக்கப் பரவியது.

1997-ல் முதுகில் மனிதக் காது வடிவம் கொண்ட சுண்டெலியின் படம் உலகைச் சுற்றி வந்தது. ஆனால் காது ஏன் முதலில் வந்தது? குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாயே கிடையாது! செயற்கைத் தோல் வந்ததற்குக் காரணம், அது மெல்லியது. 2006-ல் அந்தனி அட்டாலா தம் நோயாளிகளின் செல்களாலேயே வளர்த்த சிறுநீர்ப்பை பற்றி எழுதினார். அதுவும் மெல்லிய சுவர் கொண்ட பைதான். அதிலும் சிலருக்கு, வயிற்றுக்குள் இருக்கும் ரத்தக்குழாய் நிறைந்த கொழுப்புப் படலத்தைப் போர்வையாகச் சுற்றித்தான் பொருத்தினார்கள். ஜெயித்தவை எல்லாம் 0.2 மில்லிமீட்டர் பிரச்சினையை ஏதோ ஒரு வழியில் சுற்றிக்கொண்டு போனவை. வகாண்டி கேட்ட ஈரல் மட்டும் வரவில்லை.

இதற்கிடையே பெரிய குழாயை மட்டும் வளர்க்கும் முயற்சி தனியாக நடந்தது. 1986-ல் வைன்பெர்க், பெல் இருவரும் கொலாஜன் கொண்டு செய்த குழாய் பலமில்லாமல் இருந்தது. 1999-ல் லாரா நிக்லாசன் ஒரு தந்திரம் செய்தார். வளரும் குழாய்க்குள் இதயத் துடிப்பைப் போல விட்டு விட்டு நீரை அடித்தார். எட்டு வாரத்தில் குழாய் உரமேறியது. தறியில் பழகிய கை மாதிரி, துடிப்பில் பழகிய குழாய்!

அவசரத்தின் விலை

இந்த வரலாற்றில் ஒரு கறையும் உண்டு. 2011-ல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா பல்கலைக்கழக மருத்துவமனையில் பாவ்லோ மக்கியாரினி என்ற அறுவை மருத்துவர், பிளாஸ்டிக் மூச்சுக்குழாயில் நோயாளியின் எலும்பு மஜ்ஜை செல்களைத் தூவிப் பொருத்தினார். உலகமே கைதட்டியது. ஆனால் பிளாஸ்டிக்குக்குள் ரத்தம் கொண்டு செல்ல ஒரு தந்துகிகூட இல்லை. தூவிய செல்கள் திசுவாக வேரூன்றவில்லை. அங்கே இந்தச் சிகிச்சை பெற்ற மூன்று பேரும் பின்னர் இறந்தார்கள். 2023-ல் ஸ்வீடனின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. க்ரோக் 1919-லேயே போட்டுக் கொடுத்த கணக்கைப் புறக்கணித்ததன் விலையை நோயாளிகள் உயிரால் கொடுத்தார்கள்.

சர்க்கரையில் வார்த்த வாய்க்கால்

சரி, கெட்டியான திசுவுக்குள் குழாய் போடுவது எப்படி? நான்கு வழிகள் பிறந்தன.

முதல் வழி, செல்களிடமே விட்டுவிடுவது. 2005-ல் ஷுலாமித் லெவன்பெர்க் குழுவினர் தசைச் செல்களோடு குழாய்ச் செல்களையும் கலந்து விதைத்தார்கள். திசுவுக்குள் தானாகவே குழாய் வலை உண்டாயிற்று. 2013-ல் ஜப்பானின் டகானோரி டகேபே குழு இதே போல மூன்று வகைச் செல்களைக் கலந்து ஈரல் மொட்டுகளை உருவாக்கியது. எலிக்குள் வைத்த இரண்டே நாளில் எலியின் ரத்தம் அவற்றுக்குள் ஓடியது.

இரண்டாவது வழி, இயற்கை போட்ட குழாயைக் கடன் வாங்குவது. 2008-ல் டோரிஸ் டெய்லர் குழு, இறந்த எலியின் இதயத்திலிருந்து சோப்புக் கரைசலால் செல்களை எல்லாம் கழுவி எடுத்தது. வெளுத்த கூடு மட்டும் மிஞ்சியது. குழாய் வழிகள் அப்படியே இருந்தன. புதிய செல்களை நிரப்பினார்கள். எட்டாம் நாள் அது துடித்தது. ஆனால் பலம், முழு இதயத்தில் சுமார் 2 சதவீதம்தான்.

மூன்றாவது வழி, வார்ப்படம். 2012-ல் ஜோர்டன் மில்லரும் சகாக்களும் முப்பரிமாண அச்சு எந்திரத்தில் சர்க்கரைப் பாகை இழையாக இழுத்து ஒரு வலை செய்தார்கள். அதைச் சுற்றிச் செல்கள் கலந்த ஜெல்லை ஊற்றி, இறுகியதும் சர்க்கரையைக் கரைத்துவிட்டார்கள். சர்க்கரை இருந்த இடமெல்லாம் குழாய்! கோயில் சிலைக்கு மெழுகு வார்ப்பு செய்கிறார்களே, அதே உத்திதான். 2016-ல் ஹார்வர்டின் ஜெனிஃபர் லூயிஸ் குழு, கரைந்து வெளியேறும் மையால் இப்படி வழி செய்து, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் கொண்ட திசுவை ஆறு வாரம் உயிரோடு வைத்திருந்தது.

நான்காவது, ஒளியால் ஜெல்லை இறுக வைத்து அச்சிடுவது. 2019-ல் மில்லர் குழு இதற்குப் பயன்படுத்தியது உணவில் சேர்க்கும் மஞ்சள் சாயம்!

2016-ல் நாசா ஒரு பந்தயம் வைத்தது. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமனான திசு, குழாய் வழி உணவு பெற்று 30 நாள் பிழைக்க வேண்டும். 2021-ல் வேக் ஃபாரஸ்ட் ஆய்வு நிறுவனத்தின் இரண்டு அணிகள், அச்சிட்ட ஈரல் திசுவோடு முதல் இரண்டு இடங்களை வென்றன.

நோயாளிக்கு முன் ஆய்வுக்கு

இந்தத் திசுக்களால் உடனடிப் பயன் ஆராய்ச்சிக்குத்தான். எலியில் பலித்த மருந்து மனிதனில் பலிக்காமல் போவது அடிக்கடி நடக்கிறது. 2010-ல் ஃபோக்மனிடம் பயின்ற டொனால்ட் இங்பரும் டான் ஹூவும், ஒரு பக்கம் காற்றும் மறுபக்கம் குழாய்ச் செல்களும் கொண்ட குட்டி நுரையீரலைச் சிப் ஒன்றில் செய்தார்கள். 2019-ல் யோசப் பென்னிங்கர் குழு தண்டுச் செல்களிலிருந்து மனித ரத்தக்குழாய்களையே வளர்த்து, சர்க்கரை நோய் அவற்றை எப்படித் தடிக்க வைக்கிறது என்று காட்டியது. மறு வருஷமே கொரோனா வந்தது. அந்த வைரஸ் ரத்தக்குழாயையும் தொற்றும் என்பதை இதே திசுக்களில் பார்க்க முடிந்தது. புதிய மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்றிருந்த விதியை 2022 டிசம்பரில் அமெரிக்கா சட்டத் திருத்தத்தால் நீக்கியது.

நிக்லாசனின் குழாயும் வீண்போகவில்லை. அவர் தொடங்கிய நிறுவனத்தின் வளர்ப்புக் குழாய், கை கால்களில் பெரிய காயம் பட்டுத் தமனி அறுந்தவர்களுக்காக 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உக்ரைன் போரில் காயமடைந்தவர்களுக்கு அதற்கு முன்பே அது பயன்பட்டிருந்தது. ஒரு ஜனாதிபதியின் அறுந்த ரத்தக்குழாயைத் தைக்க ஆளில்லாமல் போன நாளிலிருந்து 130 ஆண்டுகள்!

ஆனால் பெரிய ஆறு ஓடுவதாலேயே கடைமடை நனைந்துவிடாது. ஆறு மில்லிமீட்டர் அகலக் குழாய் செய்ய முடிகிறது. தந்துகியை அதுவாகவே முளைக்க வைக்கவும் முடிகிறது. பெரிய குழாயிலிருந்து தந்துகி வரை ஒரே மரமாக இணைத்து, மனித அளவில் ஓர் ஈரலோ சிறுநீரகமோ செய்ய இன்னும் முடியவில்லை. அமெரிக்காவில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் மாற்று உறுப்புக்காகக் காத்திருக்கிறார்கள். அடுத்த முறை "ஆய்வகத்தில் இதயம் தயார்" என்று செய்தி வந்தால் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அதன் நடுவில் இருக்கும் செல்லுக்குச் சோறு எப்படிப் போகிறது? அதற்குப் பதில் இருந்தால்தான் அது விஞ்ஞானம். இல்லாவிட்டால் வெறும் விளம்பரம்.