மாணவியின் கணக்கும் மூத்தோரின் கேள்வியும்



கம்ப்யூட்டர் சொல்லிவிட்டால் அப்புறம் பேச்சே இல்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்தக் கம்ப்யூட்டர் உலகத்தில், 18 வயது மாணவி ஒருவர் பெரிய விஞ்ஞானிகளின் எண்ணத்தையே மாற்றிய வரலாற்றைக் கேளுங்கள். அவர் பெயர் ஈவின் டாங்.

முதலில் கொஞ்சம் முன்கதை. அணு போன்ற மிக நுண்ணிய பொருள்களின் போக்கைச் சொல்வது குவாண்டம் இயல். அந்தப் போக்கைக் கணக்கிட, அதே விதிப்படி இயங்கும் கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்று 1981-இல் அமெரிக்க விஞ்ஞானி ரிச்சர்டு ஃபைன்மன் பேசினார். அப்படிப்பட்ட இயந்திரம் கிடைத்தால் மிகப் பெரிய எண்களைக்கூட விரைவில் காரணிப்படுத்தலாம் என்று 1994-இல் பீட்டர் ஷோர் காட்டினார். பிறகு கேட்க வேண்டுமா! சாதாரணக் கம்ப்யூட்டரால் ஆகாத வேலை வேறு என்னென்ன என்று தேடத் தொடங்கிவிட்டார்கள்.

2016-இல் கெரெனிடிஸ், பிரகாஷ் என்ற இருவர் ஒரு வேலையைக் காட்டினார்கள். "இந்தப் படம் பார்த்தீர்களே, அந்தப் படமும் உங்களுக்குப் பிடிக்கும்" என்று இணையத்தில் காட்டுகிறதல்லவா, அந்தக் கணக்குதான். குவாண்டம் கம்ப்யூட்டர் அதை மிக வேகமாக முடிக்கும். சாதாரணக் கம்ப்யூட்டரால் அந்த வேகம் முடியாது என்று நினைத்தார்கள். ஆனால் முடியாது என்பதற்கு நிரூபணம் இல்லை.

2017-இல் டெக்சஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்காட் ஆரன்சன் டாங்கிடம் சில ஆராய்ச்சிக் கணக்குகளைக் கொடுத்தார். இருப்பதில் சுலபம் என்று டாங் எடுத்துக்கொண்டது இந்த நிரூபணத்தைத்தான். மாதக்கணக்கில் முயன்றும் அது பிடிபடவில்லை. எப்படிப் பிடிபடும்? முடியாது என்று நினைத்தது முடிகிற காரியமாக அல்லவா இருந்தது!

வழி நம் அடுப்படியிலேயே இருக்கிறது: ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆள் கோடிக்கணக்கில் இருந்தாலும் ரசனை சில வகைதான் என்று வைத்துக்கொண்டால், பட்டியல் முழுவதையும் புரட்ட வேண்டாம்; சில இடங்களை எடுத்துப் பார்த்தால் போதும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக்கூடாது. பெரிய எண் உள்ள இடம் அதிகம் அகப்படும்படி எடுக்க வேண்டும். இந்த யுக்தியை ரவீந்திரன் கண்ணன் முதலிய மூவர் 1998-இலேயே சொல்லியிருந்தார்கள். குவாண்டம் முறையைக் கூர்ந்து பார்த்த பிறகுதான் அது இங்கே பொருந்தும் என்பது டாங்குக்குத் தெரிந்தது. இவ்வகைக்குக் குவாண்டம் வழிவந்த கணிப்பு முறை என்று பெயர் சொல்லலாம்.

ஆரன்சனே முதலில் நம்பவில்லை. 2018 ஜூன் மாதம் பெர்க்கிலியில் இரண்டு நாள்களில் மொத்தம் 4 மணி நேரம் டாங்கைக் கேள்வி கேட்டார்கள். கேட்டவர்களில் கெரெனிடிசும் பிரகாஷும் உண்டு! யாருடைய பெருமை குறையப் போகிறதோ அவர்களே உட்கார்ந்து பிழை தேடினார்கள். பிழை அகப்படவில்லை. அதற்கப்புறம்தான் ஜூலையில் கட்டுரை வெளிவந்தது.

டாங்கின் கணக்கைக் கேள்வி கேட்க ஆள் இருந்தார்கள். கம்ப்யூட்டருக்குள் ஓடும் புரோகிராமை யார் கேட்பது? அமெரிக்காவில் ஜெஃப்ரி சாங் என்ற விஞ்ஞானி, கிருமிகளின் உறையிலுள்ள புரதங்களின் வடிவத்தைக் கணித்துப் புகழ் பெற்றிருந்தார். 2006-இல் வேறொரு குழுவின் முடிவு அதோடு ஒத்துப்போகவில்லை. தேடிப் பார்த்தால், ஆய்வுக்கூடத்தில் எழுதிய சின்னப் புரோகிராம் ஒன்று இரண்டு பத்தி எண்களை இடம் மாற்றிப் போட்டிருக்கிறது. 5 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். தோட்டத்துக் கிராணி செக்ரோலில் இரண்டு பத்தியை மாற்றி எழுதினால் சம்பள நாளன்றே நாம் கேட்டுவிடுவோம். இங்கே அது வெளிவரச் சில ஆண்டுகள் ஆயின.

விடை தெரிந்த கணக்கைப் புரோகிராமுக்குக் கொடுத்துச் சோதிப்பதும், எழுதாத இன்னொருவர் அதை வரி வரியாகப் படிப்பதும், எந்த மாற்றத்தை யார் எப்போது செய்தார் என்று பதிவு வைப்பதும் ஆராய்ச்சிக்காரர்களின் நல்ல வழக்கங்கள்.

டாங்கின் முறையையும் சும்மா விடவில்லை. 2019-இல் அர்ரசோலாவும் மற்றவர்களும் அதைப் புரோகிராமாக எழுதி ஓட்டிப் பார்த்தார்கள். பட்டியல் மிகப் பெரிதாக, வகைகள் சிலவாக இருந்தால் நன்றாக ஓடுகிறது. வகை கூடக்கூடத் தடுமாறுகிறது. நிஜப் பட்டியல்களோ பெரும்பாலும் வகை கூடியவை. இதை ஒளிக்காமல் எழுதினார்கள். அந்தப் புரோகிராமையும் யாரும் எடுத்து ஓட்டிப் பார்க்கும்படி இணையத்தில் போட்டுவிட்டார்கள்.