டஸ்கீகி விமானப் பயிற்சிக் களம்

பறவைக்குச் சிறகு பிறப்பால் அமைவது. மனிதனுக்கோ அது பயிற்சியால் அமைவது. இவ்வுண்மையை உலகறியச் செய்ததோர் பயிற்சிக் களத்தின் சரித்திரத்தை நம் சங்கத்து அன்பர்கட்கு எடுத்துரைக்க விழைகின்றேன்.

ஐக்கிய அமெரிக்க நாடுகளின் தென்பாகத்தே அலபாமா என்பது ஒரு மாகாணம். அங்கு டஸ்கீகி என்னும் சிற்றூரில், அடிமைத்தளையில் பிறந்தவரான புக்கர் டி. வாஷிங்டன் என்பாரின் தலைமையில் 1881-ஆம் ஆண்டு கறுப்பினத்தார்க்கென ஒரு கல்விச்சாலை தோன்றிற்று. அக்காலத்து அவர்கட்கு விமானப்படையின் வாயில் அடைபட்டிருந்தது. 1925-ஆம் ஆண்டு ராணுவக் கல்லூரியார் வரைந்த அறிக்கையொன்று, கறுப்பினத்தார் அறிவாலும் துணிவாலும் குறைந்தவரெனக் கூறியது. ஒருவரையும் பரீட்சியாமலே அனைவரையும் தோல்வியுற்றோராக்கிய விந்தையை என்னென்பது!

1939-ஆம் ஆண்டு, அரசாங்கத்தாரின் குடிமக்கள் விமானப் பயிற்சித் திட்டத்தில் டஸ்கீகி கல்விச்சாலையும் இடம்பெற்றது. அங்குத் தலைமை ஆசானாக அமர்ந்தவர் சார்ல்ஸ் ஆல்பிரட் ஆண்டர்ஸன். 1941 மார்ச்சு மாதத்தில், நாட்டுத் தலைவரின் மனைவியாராகிய எலியனார் ரூஸ்வெல்ட் அம்மையார் ஆண்டு வந்து, அவர் ஓட்டிய விமானத்தில் ஏறி வானில் உலாவினார். அதே மாதத்தில் 99-ஆம் போர்விமான அணி நிறுவப்பெற்றது. ராணுவ விமான நிலையத்தைக் கட்டும் பணியும் மக்கிஸாக் என்னும் கறுப்பினக் குடும்பத்தாரின் கட்டிடக் கம்பெனிக்கே கிடைத்தது.

1941 ஜூலை மாதத்தில் முதல் வகுப்புத் தொடங்கிற்று. மாணாக்கர் 13 பேர். அவருள் ஒருவரான பெஞ்சமின் ஓ. டேவிஸ், வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் பயின்ற நான்காண்டும் உடன்பயின்றாரால் பேச்சின்றி ஒதுக்கப்பட்டவர். எனினும் கல்வியை விடாது 1936-இல் தேறியவர். முதற்படிப் பயிற்சி மோட்டன் மைதானத்தில், ஸ்டியர்மன் என்னும் ஈரடுக்குச் சிறகு விமானத்தில் நிகழும். அதில் தேறினோரே அடுத்த இரு படிகட்கு ராணுவ நிலையம் புகுவர். 1942 மார்ச்சு 7-ஆம் நாள் முற்றும் தேறியவர் டேவிஸ் உள்ளிட்ட ஐவரே. சலுகையால் வந்த தேர்ச்சி அன்று அஃது என்பதற்கு இவ்வெண்ணே சான்று.

1943-இல் இவ்வணி வட ஆப்பிரிக்கா சென்று போரில் இறங்கியது. சில திங்களுக்குள் மேலதிகாரி ஒருவர், இவர்க்குப் போர்வேகம் போதாது என எழுதினார். டேவிஸ் வாஷிங்டன் நகரில் விசாரணைக் குழுவின்முன் நின்று, தம் வீரர் பொருட்டு அமைதியாகவே வாதாடினார். 1944 ஜனவரித் திங்களில், இத்தாலி நாட்டு ஆன்ஸியோ வான்வெளியில் அவ்வீரரே எஞ்சிய மறுமொழியைத் தந்தனர்: இரண்டே நாட்களில் பத்துக்கு மேற்பட்ட பகைவிமானங்கள் வீழ்ந்தன.

1946-இல் பயிற்சி முடிவுறுமளவும் அக்களத்தில் தேறிய விமானிகள் ஏறக்குறைய 990 பேர். 1948 ஜூலை 26-ஆம் நாள் நாட்டுத் தலைவர் ட்ரூமன், படைகளில் நிறவேற்றுமையின்றிச் சமவாய்ப்பு நல்குமாறு ஆணையிட்டார். அவ்வாணைக்கு வழிகோலிய காரணங்களுள் இவர்தம் தொண்டும் ஒன்றாகும்.

இங்கு ஒன்று கூறாது விடுதல் தகாது. செவ்வால் விமானமேறிய இவ்வீரர், தாம் காவல்புரிந்த குண்டுவீச்சு விமானங்களுள் ஒன்றையும் இழந்திலர் என ஒரு கதை நெடுங்காலம் வழங்கிற்று. பின்வந்த சரித்திர ஆசிரியர் ராணுவக் குறிப்புகளை ஆராய்ந்து, ஏறத்தாழ 27 விமானங்கள் வீழ்ந்தன எனத் தெளிந்தனர். இதனால் வீரரின் புகழ் குன்றியதோ? இல்லை. 2007-ஆம் ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் அவர்கட்குப் பொற்பதக்கம் அளித்துப் போற்றியது.

அன்பர்காள்! நம் முன்னோர் பெருமை பேசும்போதும் இதனை உள்ளத்திற் கொள்வோமாக. மெய்ப்புகழுக்குப் பொய்யணி வேண்டுவதில்லை. பிறர் நம்மைத் தாழ்த்தி எழுதினால் அதற்குப் பழங்கதை மறுமொழியாகாது. நம் சிறார் பள்ளியில் எழுதும் பரீட்சையே மறுமொழியாகும்.