அடிமைக் குடிசையில் ஓர் இரவு

பூமியில் பயணம் செய்து, முன் வாழ்ந்தோரின் முடிவு என்னவாயிற்று என்று நோக்குமாறு திருமறை நம்மைப் பன்முறை பணிக்கின்றது. நோக்குதல் என்பது கண்ணால் காண்பதோடு முடிவதன்று. கண்டதிலிருந்து படிப்பினை பெறுவதே அதன் பயன். ஆயினும் பழைய மாளிகைகளைக் காணச் செல்லும் நாம், அவற்றின் தூண்களையும் கதவுகளையும் வியந்து திரும்புகிறோம். அவற்றை எழுப்பிய கைகள் இரவில் எங்கே ஓய்ந்தன என்று வினவுவதில்லை.

அமெரிக்காவில் வெர்ஜீனியாவின் பழைய தலைநகராயிருந்த வில்லியம்ஸ்பர்க், ராக்ஃபெல்லரின் பொருளுதவியால் 1926 முதல் புதுப்பிக்கப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் உடையணிந்தோர் அங்கே கொல்லராகவும் தச்சராகவும் வாழ்ந்து காட்டுகின்றனர். பழைய வீடுகள் சிலவற்றில் பயணிகள் இரவு தங்கவும் செய்கின்றனர். அந்நாளில் அவ்வூர் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பின மக்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அடிமைகள். ஆனால், அவர்களுடைய வாழ்வைக் கறுப்பின நடிகர்களே எடுத்துரைக்கும் ஏற்பாடு 1979இல்தான் தொடங்கிற்று. 1994இல் அடிமை ஏலம் ஒன்றை அங்கு நடித்துக் காட்டியபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. முன்னோரின் துயரம் வேடிக்கைப் பொருளாகிவிடுமோ என்பதே எதிர்த்தோரின் அச்சம். அது நியாயமான அச்சமே.

அவ்வச்சத்திற்கு வேறொரு வழியில் விடை கண்டவர் தென் கரோலினாவைச் சேர்ந்த ஜோசப் மெக்கில். உள்நாட்டுப் போரில் கறுப்பின வீரர்களைக் கொண்டு 1863இல் அமைந்து, அவ்வாண்டு ஜூலையில் வாக்னர் கோட்டையைத் தாக்கிய 54ஆம் மாசசூசெட்ஸ் படையின் வீரராக நடித்து வந்தவர் அவர். மாளிகைகள் போற்றிக் காக்கப்பட, அடிமைகளின் குடிசைகள் இடிந்து மறைவதைக் கண்டார். 2010இல் சார்லஸ்டன் அருகேயுள்ள மக்னோலியா தோட்டத்துக் குடிசை ஒன்றில் ஓரிரவு தங்கித் தம் பணியைத் தொடங்கினார். அதன்பின் பல மாநிலங்களில் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் அவ்வாறே தங்கினார். மனிதர் யாவரும் சமம் என்று எழுதிய ஜெஃபர்சனின் மான்டிசெல்லோவும் அவற்றுள் ஒன்று. அவர் அங்கே எவரையும் ஏலம் விடுவதில்லை. வெறுந்தரையில் படுக்கிறார், வெள்ளையரும் கறுப்பரும் உடன் தங்குகின்றனர், இரவில் நெருப்பைச் சுற்றி அமர்ந்து, பகலில் பேசத் தயங்குவதைப் பேசுகின்றனர். சார்லஸ்டன் வட்டாரத்துப் பழஞ்செங்கற்களில் அவற்றை அறுத்த அடிமைகளின் விரற்பதிவுகள் இன்றும் உள்ளன. அவர்களுட் பலருக்கு வரலாறு விட்டுவைத்த கையொப்பம் அது ஒன்றே.

இக்கதையில் நமக்கும் பங்குண்டு. அதே சார்லஸ்டனில் 1807 வாக்கில் விற்கப்பட்டவர் உமர் இப்னு சயீத். மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபூட்டா டோரோவில் இருபத்தைந்து ஆண்டுகள் மார்க்கக் கல்வி கற்றவர். கொடிய எசமானனிடமிருந்து தப்பி ஓடிப் பிடிபட்டு, வடகரோலினாவில் மீண்டும் அடிமையானார். பின்னாளில் அவரைக் கிறித்தவ சபையில் சேர்த்தனர். எனினும், 1831இல் அரபியில் தம் வரலாற்றை எழுதியபோது அவர் முதலில் வரைந்தது சூரத்துல் முல்க். ஆட்சி யார் கையில் உள்ளது என்று அறிவித்துத் தொடங்கும் அத்தியாயம் அது. தம்மை உடைமை என்று கணக்கிலெழுதிய எசமானருக்கு அவர் அளித்த மறுமொழியாகவே நமக்குத் தோன்றுகின்றது. விடுதலை காணாமலே அவர் மறைந்தார். அவருடைய கையெழுத்துப்படி 2017 முதல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றது.

அடிமையை உரிமை விடுதலை செய்வதை நற்செயலாக்கிய மார்க்கம் நம்முடையது. பிலால் (ரலி) அவர்களைப் பாங்கொலிக்க உயர்த்தியதும் அதுவே. அப்பெருமையைப் பேசும் நாம், முஸ்லிம் அரசுகளிலும் அடிமைச் சந்தைகள் நெடுங்காலம் நடந்ததை மறைத்தல் தகாது. பிறர் பிழையில் மட்டும் படிப்பினை தேடுவோர் திருமறை பணித்த நோக்குதலில் பாதியையே நிறைவேற்றியவராவர். ஒரு மாளிகையின் வாயிலில் நிற்கும்போது, அதன் பின்புறத்துக் குடிசையையும் தேடிக் காண்போமாக. அப்போதுதான் அவ்வீட்டின் வரலாறு நமக்கு முழுமையாகும்.