பேரிடருக்குப் பின் வாழ்வாதார மீட்பு: வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் அனுபவம்

வில்லியனூர், பாகூர் இரண்டும் புதுச்சேரி மாவட்டத்தின் கிராமப்புறக் கொம்யூன்கள். வில்லியனூர் சங்கராபரணி ஆற்றையும் ஊசுட்டேரியையும் சார்ந்தது. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப்படும் பாகூர், தென்பெண்ணை ஆற்றையும் பாகூர் ஏரியையும் சார்ந்தது. பாகூரின் கிழக்கு எல்லையில் மீனவர் குப்பங்கள் உள்ளன. 2004ஆம் ஆண்டின் சுனாமி, 2011ஆம் ஆண்டின் தானே புயல், 2024ஆம் ஆண்டின் ஃபெஞ்சல் புயல் ஆகிய மூன்றும் இப்பகுதி மக்களின் பிழைப்பை உலுக்கின. இழந்த தொழிலையும் வருமானத்தையும் மீட்க நடந்த முயற்சிகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

கொம்யூனும் உள்ளாட்சியும்

கொம்யூன் பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற நிர்வாக அலகு. 1880 மார்ச் 12ஆம் நாள் ஆணைப்படி பிரெஞ்சிந்தியா பத்துக் கொம்யூன்களாகப் பிரிக்கப்பட்டது. வில்லியனூரும் பாகூரும் அவற்றுள் அடங்கும். இந்தியாவுடன் இணைந்த பின்னும் இந்த அமைப்பு கொம்யூன் பஞ்சாயத்து என்ற பெயரில் தொடர்ந்தது. ஆனால் 1968இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்கு அடுத்த தேர்தல் 38 ஆண்டுகள் கழித்து 2006இல்தான் நடந்தது. அதில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடத்தப்படவில்லை.

ஆகவே சுனாமி, தானே, ஃபெஞ்சல் ஆகிய மூன்றும் வந்தபோது கொம்யூன் பஞ்சாயத்துகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் எவரும் இல்லை. யார் குத்தகைக்கு உழுகிறார், யார் கூலிக்குச் செல்கிறார், யாருக்குக் கறவை மாடு மட்டுமே சொத்து என்பதை அறிந்த மக்கள் பிரதிநிதி ஊரில் இல்லாத நிலையில், இழப்பைக் கணக்கெடுக்கும் பொறுப்பு முழுவதும் அதிகாரிகளிடம் இருந்தது.

அறிவு மையங்களும் சுனாமியும்

இந்த வெற்றிடத்தின் ஒரு பகுதியை வேறு அமைப்புகள் நிரப்பின. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்தின் உதவியுடன் 1998இல் புதுச்சேரியில் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் அவற்றின் தலைமை மையமாக இருந்தது. விளைபொருள் விலை, அரசுத் திட்டங்கள், வானிலை, மருத்துவம் போன்ற செய்திகள் அங்கே திரட்டப்பட்டுத் தமிழில் எழுதப்பட்டு, கம்பியில்லாத் தொடர்பு மூலம் சுற்று ஊர்களுக்குச் சென்றன. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அலை உயரம் பற்றிய முன்னறிவிப்பு ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டது. எல்லாச் சாதியினரும் வந்துபோகும் இடத்தில் மையம் அமைய வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று.

பிழைப்புக்காக அமைக்கப்பட்ட இந்த ஏற்பாடு 2004 டிசம்பர் 26 அன்று உயிர் காத்தது. அரியாங்குப்பம் கொம்யூனைச் சேர்ந்த நல்லவாடு மீனவ ஊருக்குச் சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்கை சொன்னார். ஊரார் அறிவு மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தனர். மக்கள் வெளியேறியதால் அவ்வூரில் உயிரிழப்பு இல்லை.

உயிர் தப்பியவர்களுக்குப் படகும் வலையும் மிஞ்சவில்லை. மறுசீரமைப்புக்காகத் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சேர்த்து உலக வங்கி 2005இல் அவசரக் கடனுதவி அளித்தது. தொண்டு நிறுவனங்கள் ஃபைபர் படகுகளை வழங்கின. தமிழகக் கடற்கரையின் பல இடங்களில் படகுகளின் எண்ணிக்கை சுனாமிக்கு முன்பிருந்ததைவிடக் கூடியது. படகுக்கு ஆள் பற்றாக்குறையும் மீன்வளத்தின் மீது அழுத்தமும் ஏற்பட்டன. அதே வேளையில் மீன் விற்கும் பெண்கள், கரையில் கூலி வேலை செய்தோர், கடலோர வயல்களின் விவசாயத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு உதவி தாமதமாகவும் குறைவாகவும் கிடைத்தது. படகு இழந்தவரைக் கணக்கெடுப்பது எளிது. வேலை இழந்தவரைக் கணக்கெடுப்பது கடினம்.

ஏரிகளும் சங்கங்களும்

வேளாண் பகுதியில் மீட்பு என்பது நீரைச் சார்ந்தது. பாகூர் மூலநாதர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகள் ஊர்ச் சபை ஏரியைப் பராமரித்ததைக் குறிப்பிடுகின்றன. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தென்பெண்ணை நீர் பாகூர் ஏரிக்கு வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுடன் 1999இல் தொடங்கிய ஏரிகள் புனரமைப்புத் திட்டம் புதுச்சேரியின் 84 ஏரிகளை எடுத்துக்கொண்டது. கரையை உயர்த்துதல், தூர்வாருதல், மதகு சீரமைத்தல் ஆகியவற்றுடன் ஏரிச் சங்கங்களும் அமைக்கப்பட்டன. நிலமுள்ளோர் மட்டுமின்றி நிலமற்றோரையும் பெண்களையும் சங்கத்துக்குள் கொண்டுவர அத்திட்டம் முயன்றது. தூர்வாரிய ஏரி வெள்ளத்தைத் தாங்கும். வெள்ளம் வடிந்த பின் அடுத்த பட்டத்துக்கும் நீர் தரும்.

தானேயும் ஃபெஞ்சலும்

தானே புயல் 2011 டிசம்பர் 30 காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. வாழை, கரும்பு, தென்னை ஆகியவை சாய்ந்தன. நெல்லை அடுத்த பட்டத்தில் மீண்டும் நடலாம். தென்னை காய்ப்புக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். ஒருமுறை தரும் இழப்பீடு இந்த வேறுபாட்டைச் சரிக்கட்டாது.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் நின்று பெய்தது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 செ.மீ. அளவுக்கு மழை பதிவானது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டதால் தென்பெண்ணை கரைபுரண்டது. சோரியாங்குப்பம், குருவிநத்தம் முதலிய பாகூர் பகுதி ஊர்களில் வெள்ளம் புகுந்தது.

முதலமைச்சர் ந. ரங்கசாமி அறிவித்த நிவாரணத்தில் குடும்ப அட்டைக்கு ரூ.5,000, பயிர்ச் சேதத்துக்கு எக்டேருக்கு ரூ.30,000, இறந்த மாட்டுக்கு ரூ.40,000 ஆகியவை அடங்கும். இவற்றுள் குடும்ப அட்டை உதவி எல்லோருக்கும் பொதுவானது. மற்றவை உடைமையை அளவாகக் கொண்டவை. வாய்மொழிக் குத்தகையில் பயிரிட்டவருக்குத் தம் பெயரில் ஆவணம் இல்லை. வயல் மூழ்கியதால் களையெடுப்பும் அறுவடையும் இழந்த கூலித் தொழிலாளிக்கு எக்டேர்க் கணக்கில் இடமில்லை.

அவருக்கு அமைந்த வழி நூறு நாள் வேலைதான். பேரிடர் காலத்தில் கூடுதலாக 50 நாள் வேலை வழங்க 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் கீழ் இடம் இருந்தது. வாய்க்கால் தூர்வாருதலும் கரை கட்டுதலும் கூலி தருவதோடு அடுத்த வெள்ளத்தின் வீச்சையும் குறைக்கும்.

உலக நடைமுறையும் உள்ளூர்ப் பாடமும்

பொருளாதார மீட்புக்கான குறைந்தபட்சத் தர நெறிகள் பன்னாட்டளவில் முதன்முதலாக 2009இல் வெளியிடப்பட்டன. சந்தையை ஆராய்ந்த பின்பே உதவியைத் தீர்மானிக்க வேண்டும். கடைகள் இயங்கினால் பொருளைவிடப் பணம் தருவது நல்லது. சொத்துள்ளவருக்கு மட்டுமின்றி உழைப்பை விற்பவருக்கும் திட்டம் வேண்டும் என்பது இத்துறையினர் வலியுறுத்தும் கருத்து.

இரு கொம்யூன்களின் அனுபவமும் இதையே காட்டுகிறது. பயன்தந்த அமைப்புகளான அறிவு மையமும் ஏரிச் சங்கமும் பேரிடருக்குப் பின் அவசரமாக உருவானவை அல்ல. முன்பே ஊரில் வேரூன்றியவை. தேர்ந்தெடுக்கப்பட்ட கொம்யூன் பஞ்சாயத்து இருந்து, குத்தகைதாரர், கூலித் தொழிலாளர், மீன் விற்கும் பெண்கள் ஆகியோரின் பட்டியலை அமைதிக் காலத்திலேயே அது பேணினால், அடுத்த புயலுக்குப் பின் நிவாரணம் யாரைச் சேர வேண்டும் என்பதைத் தேட வேண்டியிருக்காது.