தாயக்கட்டையும் விதிப் புத்தகமும்

பகடை உருட்டி, தானே ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ மாறிக் கதையை நகர்த்தும் ஆட்டங்களுக்கு ரோல்பிளேயிங் கேம் என்று பெயர். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974ல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தான் இவற்றுக்கெல்லாம் மூத்த அண்ணன். இந்த ஆட்டக்காரர்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று உண்டு. விதி குறைவாக இருப்பது நல்லதா, புத்தகம் புத்தகமாக இருப்பது நல்லதா?

சண்டை 1974க்கும் பழையது! 1824ல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் 'க்ரீக்ஸ்ஷ்பீல்' என்ற போர் விளையாட்டுக்கு விதிநூல் எழுதினார். வரைபடம், பகடை, கணக்கு அட்டவணைகள் என்று எல்லாம் உண்டு. நாளடைவில் போரை விட்டுவிட்டு அட்டவணையைப் புரட்டுவதே வேலையாகிப் போனது. 1876ல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி, அட்டவணை வேண்டாம், அனுபவமுள்ள நடுவர் தீர்ப்பு சொன்னால் போதும் என்றார். ஆட்டம் வேகம் பிடித்தது. ஆனால் நடுவர் சரியில்லை என்றால்? அங்கேதான் சிக்கல்.

அதே கதை மறுபடியும் நடந்தது. 1974 பெட்டியில் இருந்தது மூன்று சிறு புத்தகங்கள். பலருக்குப் புரியவில்லை. கென் செயின்ட் ஆண்ட்ரே என்பவர் 1975லேயே எளிதாக்கி, சாதாரண ஆறுமுகப் பகடையே போதும் என்று 'டனல்ஸ் அண்ட் டிரோல்ஸ்' கொண்டுவந்தார். மூத்த அண்ணனோ 1977ல் இரண்டாகப் பிரிந்தார். புதியவர்களுக்கு ஒரு எளிய பெட்டி. மற்றவர்களுக்கு 1977 முதல் 1979 வரை மூன்று தடித்த புத்தகங்கள். எல்லா ஊரிலும் ஒரே மாதிரி ஆட வேண்டும் என்பது கைகாக்ஸின் எண்ணம். (புத்தக வியாபாரத்துக்கும் அது கெடுதல் இல்லை!)

நம் ஊர்த் தாயத்தில் எழுதிய விதியே கிடையாது. தாயம் விழுந்தால் காய் இறங்கும், மலையில் இருந்தால் வெட்ட முடியாது, வெட்டாமல் பழம் எடுக்க முடியாது. மீதி எல்லாம் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். விருந்தாளி வந்தால் முதல் பத்து நிமிடம் வாக்குவாதம்தான். கைகாக்ஸ் பயந்தது இதற்குத்தான்.

ஆனால் விதி குறைந்தால் ஆட்டமும் மட்டம் என்று நினைப்பது தப்பு. ஆடுபுலி ஆட்டத்தைப் பாருங்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. பகடையே இல்லை. புலி ஆட்டைத் தாண்டினால் வெட்டு, புலிக்கு வழி அடைத்தால் ஆடு ஜெயிக்கும். இரண்டு நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். அதிர்ஷ்டத்தின் மேல் பழி போட முடியாது என்பதால் தோற்றவருக்குத்தான் வலி அதிகம்.

ஜவ்வாது மலையில் புதூர்நாடு மாதிரி ஓர் ஊரில் நாலு நண்பர்கள் இதைத் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். இருபது முகப் பகடைக்கும் வெளிநாட்டுப் புத்தகத்துக்கும் ஆகும் செலவு முதல் தடை. ஆங்கிலத்தில் முந்நூறு பக்கம் யார் படிப்பது என்பது அதைவிடப் பெரிய தடை. ஒருவர் மட்டும் படித்தால், மற்ற மூவரும் அவரையே கேட்டுக் கேட்டு ஆட வேண்டும். ஆக, தொடங்குவதற்கு எளிய விதியே சரி. தாயக்கட்டையும் இருக்கிறது, புளியங்கொட்டையும் இருக்கிறது. சண்டை வந்தால் தீர்ப்பு சொல்ல, எல்லாரும் ஒத்துக்கொள்ளும் ஓர் ஆளை மட்டும் முதலிலேயே பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.